.315 ரைஃபிளில் போல்ட் சிக்கினால்: மலையில் வைத்திருப்பவர்களுக்கு

ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கமும் கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கமும் தோட்டத்து வீடுகளில் லைசென்ஸோடு இருக்கும் ரைஃபிள்களில் பல இஷாப்பூர் .315. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை, பழைய லீ-என்ஃபீல்டு ராணுவ ரைஃபிளின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, விளிம்புள்ள 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்த துப்பாக்கி இது. தாத்தா வாங்கியது, அப்பா வைத்திருந்தது, இப்போது பேரன் பேருக்கு மாறியது என்று கைமாறி வந்தவை நிறைய. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும், கைப்பிடியுள்ள இரும்புத் தண்டு) சிக்கினால் முதலில் "பழசாகிவிட்டது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மலையில் சிக்கவைப்பது பெரும்பாலும் இரும்பு அல்ல. ஈரம், உறைந்த எண்ணெய், கரி, களிம்பு பிடித்த தோட்டா, இவைதான். ஆகவே துணியிலிருந்து தொடங்குங்கள். அரத்துக்கு வீட்டில் வேலையே இல்லை.

இந்த ரைஃபிளைப் பற்றி மூன்று விஷயம் நினைவில் இருந்தால் கீழே வருவதெல்லாம் புரியும். போல்ட்டைப் பூட்டும் லக்குகள், அதாவது முளைகள், முன்னால் இல்லை, பின்பக்கம் இருக்கின்றன. போல்ட்டின் மூக்கு, அதாவது போல்ட் ஹெட், தனித்துண்டு. மரையில் திருகி மாட்டியது. ஸ்ப்ரிங் காக் ஆவது, அதாவது சுடத் தயாராக அழுந்தி நிற்பது, போல்ட்டை மூடும்போது, திறக்கும்போது அல்ல.

தொடுவதற்கு முன்

பேரல் முனையை மண்மேட்டின் பக்கமோ மணல் மூட்டையின் பக்கமோ திருப்பி வையுங்கள். சுவர், தரை, கூரை எதுவும் பாதுகாப்பான திசை அல்ல. பக்கத்து அறையில் ஆள் இருப்பார். சேஃப்டியைப் பின்னால் இழுத்து, ட்ரிகர் காப்புக்குள் ட்ரிகருக்கு முன்னால் இருக்கும் குட்டி லீவரை மேலே அழுத்தினால் மேகசின் கழலும். விரல் ட்ரிகரில் படக்கூடாது. மேகசினைத் தனியே வைத்துவிட்டு, சேஃப்டியை முன்னால் தள்ளி, போல்ட்டைத் திறந்து, டார்ச் அடித்துச் சேம்பரை, அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, பாருங்கள். பார்த்தது போதாது; சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். மாலை மூடுபனி வெளிச்சத்தில் பித்தளை கண்ணுக்குத் தப்பும்.

தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். போல்ட்டைச் சோதிக்க உண்மையான தோட்டாவை வீட்டுக்குள் ஏற்றிப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. இதே துப்பாக்கியில் சுட்டு எடுத்த காலிக் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) இரண்டு மூன்று கையில் இருந்தால் சோதனைக்கு அதுவே போதும்.

வேண்டியவை: அரை லிட்டர் மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி, பழைய பனியன் துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், பென்சில் கனத்தில் ஓர் அடி நீள மரக்குச்சி, டார்ச், புல்த்ரூ (பேரலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) அல்லது கிளீனிங் ராடு. அறையில் இருக்கவே கூடாதவை: சுத்தியல், குறடு, உப்புத்தாள்.

அறிகுறி: பெட்டியிலிருந்து எடுத்ததும் கைப்பிடி மேலே எழவில்லை

உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் காலியாகத்தான் வைத்தோம் என்ற நினைப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதலில் சேஃப்டி. இடப்பக்கம் பின்னால் இருக்கும் லீவர் பின்னோக்கி இருந்தால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். லீவரை முழுக்க முன்னால் தள்ளுங்கள். பாதியில் நின்றாலும் பூட்டு விடாது. லீவரின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு உறைந்திருந்தால் பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி தள்ளுங்கள்.

அடுத்து காக்கிங் பீஸ். போல்ட்டின் பின்முனையில் விரலால் பிடிக்கிற துண்டு அது. முழுக்க முன்னாலும் இல்லாமல் முழுக்கப் பின்னாலும் இல்லாமல் நடுவில் நின்றால், அது அரைக் காக். அந்த நிலையில் ட்ரிகரும் இழுபடாது, போல்ட்டும் திறக்காது. துப்பாக்கி கெட்டுவிட்டதாக எண்ணி கைப்பிடியைத் தட்டத் தொடங்குவது இந்த இடத்தில்தான் அதிகம். பேரல் முனை மண்மேட்டைப் பார்க்க, உலர்ந்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு காக்கிங் பீஸை 'டக்' என்று பிடிபடும் வரை முழுக்கப் பின்னால் இழுங்கள். கைப்பிடி எழும். யாரும் கை வைக்காமலே அது மறுபடி மறுபடி அரைக் காக்கில் போய் நின்றால் சியர் (காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்தும் துண்டு) தேய்ந்திருக்கிறது. அது கடைக்காரர் வேலை.

இரண்டும் சரியாக இருந்தும் எழவில்லை என்றால் உறைந்த எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே கட்டிவிடும். சமவெளியில் கதவுக் கீலுக்கும் கத்திக்கும் போட்டுப் பழகிய கை, மலையிலும் அதையே துப்பாக்கிக்குப் போடுகிறது. ஊட்டியில் நண்பகல்கூட 24 டிகிரியைத் தொடாத நாட்கள்தான் அதிகம். போல்ட்டுக்கும் பாடிக்கும் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) இடையில் அது மெழுகாக நிற்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இன்னும் மோசம். காற்றுப் பட்டுப் பசையாகிவிடும், சூடு காட்டினாலும் இளகாது. கெட்டியான கிரீஸும் தலைகுந்தா பக்கத்து உறைபனிக் காலையில் இதையே செய்யும்.

துப்பாக்கி காலி என்று முன்பே உறுதி செய்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, போல்ட் பாடிக்குள் நுழையும் இடுக்கில் மண்ணெண்ணெயும் மிஷின் எண்ணெயும் சரிபாதியாகக் கலந்து ஐந்தாறு சொட்டு விடுங்கள். இரவு முழுக்கப் படுக்கை வசத்தில் கிடக்கட்டும். காலையில் உள்ளங்கையால் கைப்பிடியின் குமிழை அடியிலிருந்து மேலே அழுத்துங்கள். அடுப்பின் மேலோ கணப்பின் அருகிலோ வைத்துச் சூடாக்கக் கூடாது.

அப்படியும் அசையாவிட்டால் துருதான் பிடித்திருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்திலோ கன் ஹவுஸிலோ (லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை) ஒப்படைத்து, மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும் துப்பாக்கிகளில் இது சகஜம். இன்னும் ஒரு முறை எண்ணெய் விட்டு இன்னும் ஓர் இரவு பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் இந்த ஊறவைக்கும் வேலையே வேண்டாம். கன் ஹவுஸுக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். தோட்டாவோடு சிக்கிய துப்பாக்கியை ஜீப்பில் போட்டுக்கொண்டு மலையிறங்காதீர்கள்.

அறிகுறி: சுட்ட பிறகு கைப்பிடி எழவில்லை, அல்லது இரும்பாகக் கனக்கிறது

வெடித்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் பிரிகிறது.

ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் போல்ட்டைத் தொடாதீர்கள். முனையைச் சுடுதளத்தின் மண்மேட்டை நோக்கியே வைத்து 60 விநாடி எண்ணுங்கள். ஈரம் பட்ட தோட்டா தாமதித்து வெடிக்கும். அப்போது போல்ட் பாதி திறந்திருந்தால் கேஸ் உடைந்து முகத்தில் அடிக்கும். 60 விநாடிக்குப் பிறகு முகத்தை விலக்கி மெல்லத் திறங்கள். திறக்கவில்லையா? அந்த இடத்திலேயே நிறுத்தி, சுடுதளப் பொறுப்பாளரை அழையுங்கள்.

வெடித்தது, ஆனால் கைப்பிடி கனக்கிறது என்றால் காரணங்கள் மலிவானதிலிருந்து இப்படி வரும்.

நனைந்த தோட்டா. மலைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியதும் குறைவாகக் கவனிப்பதும் இதுதான். வெடிக்கும்போது பித்தளைக் கேஸ் விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும். பின்னோக்கித் தள்ளும் விசையில் ஒரு பங்கை அந்தப் பிடி தாங்கிவிடும். இடையில் நீர்ப்படலம் இருந்தால் பிடி நழுவி, விசை முழுவதும் போல்ட்டின் மேல் வரும். பின்னால் பூட்டும் லக் என்பதால் போல்ட்டின் நீளம் முழுக்க அழுந்தி மீள்கிறது. கைப்பிடி ஒட்டிக்கொண்டது போல் இருக்கும். ஆடி மாதச் சாரலில் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் பையைத் திறந்தாலே தோட்டா நனையும். ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரி. மழை வேண்டும் என்பதுகூட இல்லை. குளிர்ந்த தோட்டா வெதுவெதுப்பான அறைக்கு வந்தாலே வியர்க்கும். சோதனை எளிது: தோட்டாவை உலர்ந்த துணியால் துடையுங்கள், சேம்பரை உலர்ந்த துணி சுற்றிய குச்சியால் இரண்டு முறை துடையுங்கள், அடுத்த தோட்டாவுக்குப் பிறகு கைப்பிடி எப்படி எழுகிறது என்று பாருங்கள். சாதாரணமாக எழுந்தால் விஷயம் முடிந்தது.

எண்ணெய் பூசிய சேம்பர். துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் சேம்பருக்குள் எண்ணெய் விட்டு வைப்பார்கள். வைக்கும்போது சரி, சுடும் முன் துடைக்காவிட்டால் நீர் செய்வதையே எண்ணெயும் செய்யும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவி "வழுக்கட்டும்" என்று ஏற்றுவது இன்னும் ஆபத்து. சேம்பர், போல்ட் ஹெட்டின் முகம், தோட்டா மூன்றும் சுடும் நேரத்தில் துளி ஈரமும் எண்ணெயும் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். லக்குகளுக்கு மட்டுமே எண்ணெய்.

அழுக்குச் சேம்பர். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த உங்கள் காலிக் கேஸை விரலால் சேம்பருக்குள் விடுங்கள். சுத்தமான சேம்பரில் தடையில்லாமல் இறங்கி, பேரலை நிமிர்த்தினால் தானே விழும். கரகரத்து நின்றால் உள்ளே கரியோ துருவோ இருக்கிறது. குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெய் தொட்டு, பின்பக்கத்திலிருந்து 2 அங்குல ஆழம் விட்டு, இருபது முப்பது சுற்று திருப்புங்கள். துணி வெள்ளையாக வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிறகு உலர்துணி. துணி சுத்தமாக வந்தும் கேஸ் கரகரத்தால் சேம்பரில் துரு அரித்த பள்ளம் இருக்கிறது. வீட்டில் அதற்கு வழியில்லை. உப்புத்தாளால் தேய்த்தால் பள்ளம் போகாது, அளவுதான் பெரிதாகும். பிறகு கேஸ் கிழியும்.

பழைய தோட்டாக்களுக்கு ஒரு தனி வார்த்தை. குளோரேட் கலந்த பிரைமர் (தோட்டாவின் அடியில் ஊசி பட்டதும் முதலில் வெடிக்கும் குட்டி மூடி) வெடித்தால் உப்பு மிஞ்சும். உப்பு எண்ணெயில் கரையாது. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அதன் அடியில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் புனல் வைத்து ஒரு லிட்டர் கொதிநீரைப் பேரல் வழியே ஊற்றுங்கள். ஊட்டி உயரத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; உப்பைக் கரைக்க அது தாராளம். சூடான பேரல் தானே உலரும். உலர்ந்த பிறகு இரண்டு துணி, கடைசியில் எண்ணெய்த் துணி ஒன்று. போல்ட் ஹெட்டையும் அதே வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடுபனி மாதத்தில் இதை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் காலையில் பழுப்புப் பொடி பார்க்கலாம்.

சூடேறிய தோட்டா. மேட்டுப்பாளையத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ கீழே இறங்கி வெயிலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி கிடந்தால், அழுத்தம் கூடும். நிழலில் ஆறவிட்டுப் பாருங்கள்.

கெட்ட தோட்டா. சுட்ட கேஸ் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள்; பேசும். பிரைமரின் ஓரம் உருண்டையாக இல்லாமல் தட்டையாகப் பரவியிருக்கிறதா? நடுவில் ஓட்டை விழுந்து சுற்றிலும் புகைக்கரி இருக்கிறதா? பிரைமரே தளர்ந்து விழுகிறதா? விளிம்புக்கு மேலே ஏறக்குறைய 1 சென்டிமீட்டரில் சுற்றி ஒரு பளபள வளையம் தெரிகிறதா? இவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் பெட்டியை அதோடு நிறுத்துங்கள். வேறு பெட்டியில் இந்த அடையாளம் இல்லை என்றால் குற்றம் தோட்டாவில். எல்லாப் பெட்டியிலும் வந்தால் குற்றம் துப்பாக்கியில்.

லக் தேய்மானம். உலர்ந்த தோட்டா, உலர்ந்த சேம்பர், நல்ல பெட்டி, எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் கைப்பிடி கனக்கிறது என்றால் போல்ட்டைக் கழற்றி லக்குகளைப் பாருங்கள். வலப்பக்கம் நீண்ட முதுகுப்பட்டையின் பின்முகம், இடப்பக்கம் குட்டை லக். இரண்டு முகமும் ஒரே மாதிரி மழுங்கிப் பளபளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பளபளப்பு, மற்றதில் பழைய கறுப்பு அப்படியே இருந்தால், ஒரே லக் சுமை தாங்குகிறது. படிபோல் அழுந்தியிருந்தாலோ விரிசல் கோடு தெரிந்தாலோ இனி ஒரு தோட்டாவும் அதில் சுடக்கூடாது. இதுதான் இந்தப் பட்டியலில் மிகச் செலவான பழுது. புது போல்ட், கேஜ் (மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்குள்ள இடத்தை அளக்கும் கருவி) வைத்து அளவு பார்த்தல் எல்லாம் சேரும்.

அறிகுறி: கைப்பிடி எழுந்தது, போல்ட் பின்னால் வந்தது, கேஸ் வரவில்லை

எக்ஸ்ட்ராக்டர் நகத்தைப் பாருங்கள். போல்ட் ஹெட்டில் ஒரு திருகில் நிற்கும் கொக்கி அது. நகத்தின் அடியில் கரி அடைத்தால் கேஸ் விளிம்பைப் பற்றாது. பிரஷும் மண்ணெண்ணெயும் போதும். பிறகு காலிக் கேஸ் ஒன்றின் விளிம்பை நகத்துக்கு அடியில் சொருகிப் பாருங்கள்: கேஸ் தொங்கி நிற்க வேண்டும். நழுவினால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது அல்லது நகம் உடைந்திருக்கிறது. சின்ன உதிரி, மலிவான வேலை, ஆனால் கடையில்தான்.

கேஸ் முழுசாக உள்ளே நிற்கிறது என்றால், அது சுட்ட காலிக் கேஸ்தான் என்று பிரைமரில் ஊசி பட்ட தடத்தையும் சுட்ட சத்தத்தையும் வைத்து உறுதி செய்த பிறகு, போல்ட்டைக் கழற்றிவிட்டு முன்பக்கத்திலிருந்து ராடை விட்டு மெல்லத் தட்டினால் வந்துவிடும். சுடாத தோட்டா உள்ளே நின்றால் முன்பக்கத்திலிருந்து எதையும் விடாதீர்கள். அது நிபுணர் வேலை.

கேஸின் அடிப்பாகம் மட்டும் வந்து, முன்பாதி உள்ளேயே தங்கிவிடுவதும் இந்த ரைஃபிளில் உண்டு. வந்த துண்டு மோதிரம் மாதிரி குட்டையாக இருக்கும். கவனிக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றினால் அது முக்கால் தூரத்தில் முட்டும். உடைந்த கேஸ் எடுக்கும் கருவி கன் ஹவுஸில் இருக்கும். ஆணி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு நோண்டினால் சேம்பர் கீறும். ஒரு முறை கேஸ் அறுந்தால் தோட்டாவைக் குறை சொல்லலாம். இரண்டாம் முறையும் அறுந்தால் கேஜ் வைத்துப் பார்க்காமல் சுட வேண்டாம்.

கேஸ் சேம்பரை விட்டு வந்து பாடிக்குள் கிடந்து போல்ட்டை அடைத்தால் இடப்பக்கச் சுவரில் இருக்கும், கேஸை வெளியே தட்டிவிடும் எஜெக்டர் ஸ்க்ரூ தேய்ந்திருக்கும். போல்ட்டை அரைமனதாக இழுத்தாலும் இப்படித்தான் நடக்கும். முதலில் முழுக்கப் பின்னால் இழுத்துப் பாருங்கள்.

அறிகுறி: முன்னால் தள்ளும்போது தோட்டாவில் முட்டி நிற்கிறது

மேகசின் முழுக்க உட்காரவில்லை என்பது முதல் காரணம். அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. 'டக்' கேட்க வேண்டும்.

அடுத்தது விளிம்புச் சிக்கல். இந்தத் தோட்டாவுக்கு விளிம்பு உண்டு. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால் மேலது கீழதையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் குறுக்கே நின்று போல்ட் பாதியில் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு தள்ளினாலும் போகாது, தள்ளத் தள்ள இறுகும். போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, மேகசினைக் கழற்றித் தோட்டாக்களை வெளியே எடுங்கள். ஏற்றும்போது ஒவ்வொன்றாக, முந்தையதற்கு முன்னால் விளிம்பு விழும்படி அழுத்தி, பின்னால் தள்ளாமல் ஏற்றினால் இது வராது.

சரியாக ஏற்றியும் தோட்டா மூக்கு மேலே எகிறியோ கீழே குத்தியோ நின்றால் மேகசின் உதடுகள் வளைந்திருக்கும், இல்லையேல் உள்ளே தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் பிளாட்ஃபார்ம் சாய்ந்திருக்கும். காலி மேகசினில் பிளாட்ஃபார்மை விரலால் அழுத்தி விடுங்கள். துருப் பிடித்து மெல்ல ஏறினால் மண்ணெண்ணெயில் கழுவினாலே சரியாகும். உதடு வளைந்திருந்தால் குறடால் நிமிர்த்த முயலாதீர்கள். அந்தத் தகடு இரண்டாவது வளைப்பில் விரியும். மேகசின் இல்லாமல் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைத்தால் நன்றாகப் போகிறது என்றால், குற்றம் மேகசினில்தான் என்பது உறுதி.

தோட்டாவைத் தோல் பெல்ட்டில் சொருகி வைக்கும் வழக்கம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். தோல் பதனிடும் கறை பித்தளையில் பச்சைக் களிம்பை வளர்க்கும். களிம்பேறிய தோட்டா சேம்பரில் சிக்கும். உலர்துணியில் துடைத்துப் போகாத பச்சை இருந்தால் அந்தத் தோட்டாவைக் கன் ஹவுஸில் ஒப்படையுங்கள். புதைப்பது, எரிப்பது, ஆற்றில் போடுவது எதுவும் கூடாது.

அறிகுறி: கடைசி ஓர் அங்குலத்தில் மூட மறுக்கிறது

வேறு வகை ரைஃபிளில் பழகியவர்கள் இதைப் பழுது என்பார்கள். கடைசி அங்குலத்தில் ஸ்ப்ரிங்கை அமுக்கிக்கொண்டுதான் இந்தப் போல்ட் மூடும். அந்த எதிர்ப்பு இருந்தாக வேண்டும். எதிர்ப்பு ஒரே சீராக, ரப்பர் போல இருந்தால் துப்பாக்கி நன்றாக இருக்கிறது. சுவரில் மோதியது போல் நின்றால்தான் பழுது.

சேம்பர் காலியாக இருக்கும்போது மூடிப் பாருங்கள். காலியில் மூடி, தோட்டாவில் மூடவில்லை என்றால் சேம்பர் அழுக்கு, அறுந்த கேஸ் துண்டு, தோட்டா நசுங்கல், இந்த வரிசையில் பாருங்கள். காலியிலும் மூடவில்லை என்றால் போல்ட் ஹெட். சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் அதைக் கடைசி வரை திருகாமல் ஒரு சுற்று மிச்சம் விட்டிருப்பார்கள். முழுக்கத் திருகி, அதன் பக்கவாட்டுக் கொக்கி (எக்ஸ்ட்ராக்டர் அல்ல) முதுகுப்பட்டையின் நேரில் வரும்படி நிறுத்துங்கள்.

அதுவும் சரி என்றால் எண்ணைப் பாருங்கள். போல்ட் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் பாடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு .315 இருந்து ஒரே நாளில் சுத்தம் செய்தால் போல்ட் மாறிவிடும். ஒப்படைத்த இடத்திலிருந்து திரும்ப வாங்கும்போதும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எண்ணைச் சரிபாருங்கள். மாறிய போல்ட் சில சமயம் நன்றாக மூடிவிடும். அதுதான் அதிக ஆபத்து.

அறிகுறி: கழற்றிய போல்ட் திரும்ப உள்ளே போகவில்லை

கையில் இருக்கும்போது காக்கிங் பீஸ் ஒரு திருகலில் தன் காடியிலிருந்து நழுவியிருக்கும். அதைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பி, அதன் முளை ஆழமில்லாத காடியில் உட்காரும்படி விடுங்கள். பிறகு போல்ட் ஹெட் கொக்கியை முதுகுப்பட்டைக்கு நேராக வைத்துப் போல்ட்டை உள்ளே நுழையுங்கள். கொக்கியை வலப்பக்கத் தண்டவாளத்தின் மேல் அழுத்தினால் தாங்கு ஸ்ப்ரிங்கைத் தாண்டி 'டிக்' என்று இறங்கும். கழற்றும்போது இதையே தலைகீழாக: போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்து, போல்ட் ஹெட்டின் வலப்பக்கத்தை விரலால் மேலே நெம்பினால் விடும்.

அறிகுறி: போய்வருகிறது, ஆனால் கரகரக்கிறது

போல்ட்டைக் கழற்றி மூக்கு கீழே இருக்கும்படி ஒரு பழைய டம்ளரில் மண்ணெண்ணெய் விட்டு அரைமணி நேரம் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஊசியையும் ஸ்ப்ரிங்கையும் கழற்றத் தனிக் கருவி வேண்டும். கழற்ற வேண்டாம், ஊறினால் போதும். எடுத்து இரவு முழுக்க வடியவிடுங்கள். மண்ணெண்ணெய் துருவைத் தடுக்காது. அது காய்ந்த இரும்பு மலைக்காற்றில் ஒரே நாளில் சிவக்கும். எனவே காய்ந்ததும் எண்ணெய்: இரண்டு லக்குக்கும் ஒவ்வொரு சொட்டு, காக்கிங் பீஸ் உருளும் சரிவில் ஒரு சொட்டு. மூன்று சொட்டுதான். மீதியை எண்ணெய்த் துணியால் துடைத்தால் படும் படலம் போதும். பாடியின் உள்காடிகளைக் குச்சியில் சுற்றிய துணியால் துடையுங்கள். எதிர்பாராத அளவு மண்ணும் மரத்தூளும் வரும்.

இது மாதம் தவறாமல் திரும்பி வந்தால் குற்றம் வைக்கும் இடத்தில். தோல் உறை, ரெக்சின் உறை இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையைப் பயணத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பூசணம் பிடிக்காமல் இருக்கத் துணி அலமாரியில் குறைந்த வாட் குண்டு பல்பு எரியவிடும் மலைவழக்கம் துப்பாக்கி அலமாரிக்கும் நல்லது. பல்பு அடியில், துப்பாக்கியிலிருந்து ஓர் அடியாவது தள்ளி. நீல சிலிகா ஜெல் பை வைத்தால், இளஞ்சிவப்பாக மாறியதும் சூடாக்கி நீலமாக்கித் திரும்ப வையுங்கள். ஆனி முதல் மார்கழி வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடையுங்கள். குளிரிலிருந்து வெதுவெதுப்புக்கு வரும்போது, வீட்டுக்குள்ளானாலும் மலையிறங்கினாலும், உறையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுப் பிறகு எடுத்தால் இரும்பு வியர்க்காது.

கடைக்குக் கொண்டுபோகும்போது

துப்பாக்கி பழுது பார்ப்பதற்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி அதற்கென்று லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறையிலோ வெல்டிங் கடையிலோ போல்ட்டைக் கொடுத்தால் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் சிக்கல். நீலகிரியிலிருந்து கோவை, பழனி மலையிலிருந்து மதுரை என்று இறங்கி, பழுது பார்க்கும் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். துப்பாக்கி காலியாக, போல்ட் தனியாகத் துணியில் சுற்றி, லைசென்ஸ் புத்தகம் கையில். கூடவே, சிக்கியபோது சுட்ட காலிக் கேஸ்களையும் தோட்டாப் பெட்டியின் அட்டையையும் கொண்டுபோங்கள். எந்தக் கேஸ் எந்த நாளில், மழையிலா வெயிலிலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். கேஸைப் பார்த்தே பாதிப் பழுதைச் சொல்லிவிடுவார் அனுபவமுள்ள ஆர்மரர். வேலை முடிந்து வாங்கும்போது அளவு கேஜ் வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். கேஜ் இருக்கிறதா என்பதைக் கொடுக்கும்போதே கேளுங்கள்; இல்லை என்றால் அந்தத் துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு வர வேண்டாம்.